பச்சைக் கட்டத்தை நம்பி பாயிண்ட்டை மாற்றாதீர்கள்

மைலில், அதாவது விமான நிறுவனம் தரும் வெகுமதிப் புள்ளியில், விமான சீட் தேடித் தரும் கட்டணச் சேவை ஒன்று, சென்னை–பிராங்பர்ட் பிசினஸ் வகுப்பில் 2 சீட் இருப்பதாகப் பச்சை காட்டியது. அதை நம்பி கிரெடிட் கார்டு பாயிண்ட்டை மைலாக மாற்றிய பிறகு பார்த்தால் சீட் இல்லை. மாற்றிய பாயிண்ட் வங்கிக்குத் திரும்பி வராது. "தகவல் தருவது மட்டுமே எங்கள் வேலை" என்று சேவை கைவிரித்துவிட்டது. சந்தாவும் போனது.

இப்படிப்பட்ட சேவைகளில் பல, நீங்கள் தேடும் நொடியில் விமான நிறுவனத்திடம் கேட்பதில்லை. முன்பே எடுத்து வைத்ததைக் காட்டுகின்றன. கூட்டம் தேடும் வழித்தடங்கள் அடிக்கடி புதுப்பிக்கப்படும், மற்றவை பழசாகிக் கிடக்கும். கடைசியாகச் சரிபார்த்த நேரம் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். மேற்சொன்ன சேவை அதைக் கண்ணில் படாத மூலையில் போட்டிருந்தது. இதைத்தான் மோசடி என்கிறோம். விமான நிறுவனங்களும் இப்படித் தகவல் உறிஞ்சுவதைத் தடுக்கப் பார்க்கின்றன. வேறொரு சேவையான சீட்ஸ்.ஏரோ மீது ஏர் கனடா 2023 அக்டோபரில் அமெரிக்காவில் வழக்கே போட்டது. தடை விழுந்தால் பட்டியல் இன்னும் பழசாகும்.

தகவல் புதிதாக இருந்தாலும் பேய் சீட் உண்டு: ஒரு கூட்டாளி நிறுவனத்தின் தளத்தில் தெரியும், டிக்கெட் போடும்போது மறுக்கும். ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியின் விமானமென்றால், அதே கூட்டணியின் யுனைடெட், ஏர் கனடாவின் மைல் திட்டமான ஏரோப்ளான் இரண்டின் தளத்திலும் பாருங்கள். ஒன்றில் மட்டும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நீண்டதூர பிசினஸ் சீட்டுக்கு இது பொருந்தாது. அது பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையர் உறுப்பினருக்கே கிடைக்கும், அங்கேயே பாருங்கள்.

"பிசினஸ்" என்று போட்டிருந்தாலும் பயணத்தின் ஒவ்வொரு பகுதியையும் விரித்துப் பாருங்கள். சென்னை–டெல்லி மட்டும் பிசினஸ், டெல்லி–பிராங்பர்ட் எகானமி என்று வரும்.

எந்த மைலில் போடப் போகிறீர்களோ அந்தத் தளத்தில், அதே தேதி, அதே விமான எண், அதே பயணிகள் எண்ணிக்கையோடு பணம் கட்டும் பக்கம்வரை போங்கள். மைல் போதாமல் தளம் நிறுத்தினால் கால் சென்டரில் விமான எண் சொல்லிக் கேளுங்கள். பிறகுதான் பாயிண்ட்டை மாற்றுங்கள். அது போய்ச்சேர நாட்கணக்கு ஆகலாம், அதற்குள் சீட்டும் போகலாம். வந்த கிரிஸ்ஃப்ளையர் மைலும் 36 மாதத்தில் காலாவதியாகும்.

மைல் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும் சேவைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், கணக்கே முடங்கலாம். சந்தா மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள், கட்டிய அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிடுங்கள்.