சாவியை எடுத்தாலும் நிற்காத வண்டி: வேலூரில் ஒரு 1996 பென்ஸோடு 9 வருஷம்

போன வாரம் காட்பாடியிலிருந்து நண்பன் போன் பண்ணினான். பெங்களூரில் ஒரு பென்ஸ் இ250 டீசல் நிற்கிறதாம், என்னுடையது போலவே, 1997 மாடல், மூன்று லட்சம் சொல்கிறார்களாம். "மச்சான், நீ ஒன்பது வருஷமா வச்சிருக்க. வாங்கலாமா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லு" என்றான். சொல்ல முடியவில்லை. போன மாசம்தான் டாஷ்போர்டை முழுசாகக் கழற்றி மாட்டினேன். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அவனுக்கு வாட்ஸ்அப்பில் சொல்ல ஆரம்பித்து நீண்டுகொண்டே போனதால் எழுதிவிடுகிறேன்.

வண்டியைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. டபிள்யூ124 என்பது கம்பெனி வைத்த மாடல் குறியீடு. பென்ஸ் 1995-ல் புனேயில், டாடாவின் டெல்கோ வளாகத்தில், இந்தியாவிலேயே பாகங்களைப் பூட்டித் தயாரிக்க ஆரம்பித்த முதல் மாடல். ஐந்து சிலிண்டர் டீசல், 2497 சிசி, டர்போ கிடையாது. என்னுடையது மேனுவல் கியர். 2017-ல் 1,85,000 ரூபாய்க்கு வாங்கினேன். நான் நடத்துவது சத்துவாச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடை. வருஷத்துக்கு 40,000 ரூபாய்க்கு மேல் வண்டிக்குப் போடக் கூடாது என்று வீட்டில் பேச்சு. ஒன்பது வருஷத்தில் ஆறு வருஷம் அந்தப் பேச்சைக் காப்பாற்றியிருக்கிறேன். மீதி மூன்று வருஷத்தின் கதைதான் இது.

வண்டி கிளம்பாத பிரச்சினை எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. மார்கழிக் குளிரிலும் ஒரே சாவியில் எடுத்துவிடும். என் பிரச்சினை, அது நிற்காதது.

2022 கத்திரி வெயில் நேரம். கொணவட்டம் பக்கம் ஒரு பங்கில் டீசல் போட நிறுத்தினேன். சாவியைத் திருப்பி, உருவி, கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். "என்ஜின ஆஃப் பண்ணுங்கண்ணா" என்றான் பங்க் பையன். பண்ணிட்டேனே என்று சாவியைக் காட்டினேன். அவன் சாவியைப் பார்த்தான், பானட்டைப் பார்த்தான். என்ஜின் அதுபாட்டுக்குத் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார். எனக்குக் கை கால் ஓடவில்லை. அரை நிமிஷம் போல ஓடி, வண்டி முழுக்க ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. கரண்டை நிறுத்தினால் நிற்காது, டீசலை நிறுத்தினால்தான் நிற்கும். பிறகு வந்த வண்டிகளில் அதைக் கரண்ட் செய்கிறது. இதில் செய்வது வேக்கம், அதாவது காற்றை உறிஞ்சுவதால் வருகிற இழுப்பு. என்ஜினின் முன்பக்கம் ஒரு வேக்கம் பம்ப், ஓடுகிற நேரமெல்லாம் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சாவியை அணைத்ததும் சாவித் துவாரத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன வால்வு திறந்து, அந்த இழுப்பு ஒரு மெல்லிய குழாய் வழியாக டீசல் பம்புக்குப் போகும். அங்கே டயாஃப்ரம் என்கிற ஒரு ரப்பர் சவ்வை இழுக்கும், டீசல் அடைபடும், என்ஜின் அடங்கும். இதே வேக்கம்தான் பிரேக் பூஸ்டருக்கும் போகிறது, டாஷ்போர்டுக்குள் ஏசிக் காற்றைத் திருப்புகிற கதவுகளுக்கும் போகிறது. எங்கோ ஒரு மூலையில் ரப்பர் வெடித்தால் வேறெங்கோ என்ஜின் நிற்காது.

இதில் செய்தவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 26 வருஷம் எந்த ரப்பர் தாங்கும்? அதுவும் இந்த ஊரில். மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு என்று வேலூரைச் சொல்வார்கள். மே மாசம் கோட்டை எதிரே வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து ஸ்டியரிங்கில் கை வைத்தவர்களுக்குத் தெரியும். என்ஜின் மேல் 'ஸ்டாப்' என்று எழுதிய ஒரு சின்ன லீவரையும் வைத்திருக்கிறார்கள். பானட்டைத் திறந்து அதை அமுக்கினால் டீசல் அடைபட்டு நிற்கும். இப்படி ஒரு நாள் வரும் என்று யோசித்து வைத்தவர்களைக் கும்பிடத்தான் தோன்றியது. ஆனால் அதை ஒரு நாளைக்கு நான்கு தடவை அமுக்க வேண்டி வந்தபோது தோன்றியது வேறு.

அம்மாவை மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். இடுப்பு, முழங்கால் இரண்டும் போய்விட்டது. வாசலில் இறக்கி, வண்டியை ஓரம் கட்டி, சாவியை எடுத்தால் நிற்காது. ஓடுகிற வண்டியை விட்டுவிட்டு அம்மாவின் கையைப் பிடிக்கவும் முடியாது, அம்மாவை வெயிலில் நிற்க வைத்துவிட்டு பானட்டைத் திறக்கவும் முடியாது. செக்யூரிட்டி விசில் ஊதுகிறார். ஒரு தடவை அவசரத்தில் கையை விட்டு, மணிக்கட்டில் சூடு பட்டுக் கொப்புளம். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கியரில் போட்டு, பிரேக்கை மிதித்து, கிளட்சை விட்டும் நிறுத்திப் பார்த்தேன். நிற்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த என்ஜினைக் கழுத்தைப் பிடித்து நெரிப்பது போல இருக்கும்.

சென்னையில் ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் விட்டேன். பெயர் வேண்டாம். பழைய வெளிநாட்டு வண்டிகளுக்கு அவர்கள்தான் என்று சொன்னார்கள். முதல் தடவை டீசல் பம்பில் இருக்கிற ஸ்டாப் வால்வை மாற்றினார்கள். பத்து நாள் நன்றாக நின்றது. பிறகு பழையபடி. அடுத்து சாவி வால்வு. அடுத்து வேக்கம் பம்பே. மூன்று தடவையும் சேர்த்து 61,000 ரூபாய், போய் வந்த டீசல் தனி. எங்கே கசிகிறது என்று ஒருவர்கூடத் தேடவில்லை, ஒவ்வொரு பொருளாக மாற்றிப் பார்த்தார்கள். பழைய வண்டி வைத்திருப்பவனின் பணம் முக்கால்வாசி போவது இப்படித்தான். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கடைசியில் தோட்டப்பாளையத்தில் ஒரு பாய். லாரிக்கு டீசல் பம்ப் பார்க்கிறவர், பென்ஸ் காரைத் தொட்டதே இல்லை என்றார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மெடிக்கல்ல போய் பெரிய சிரிஞ்சு ஒண்ணு வாங்கினு வாங்க சார், அம்பது மில்லி. ஊசி வேணாம்" என்றார். வாங்கிக் கொடுத்தேன்.

முதலில் என்ஜினை ஓட விட்டு, ஸ்டாப் வால்வின் குழாயைக் கழற்றி, அதில் சிரிஞ்சைச் சொருகி இழுத்தார். என்ஜின் உடனே நின்றது. "இது நல்லாக்குது. இத எதுக்கு மாத்துனாங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பிறகு ஒவ்வொரு குழாயாக எடுத்து, சிரிஞ்சைச் சொருகி, பிஸ்டனை இழுத்து விட்டுப் பார்த்தார். குழாயில் ஓட்டை இல்லை என்றால் விட்டதும் பிஸ்டன் சரக்கென்று உள்ளே ஓடிவிடும். ஓட்டை இருந்தால் காற்று புகுந்து, இழுத்த இடத்திலேயே சோம்பலாக நிற்கும். பிரேக் பக்கம் முதலில் பார்த்தார், அது கெட்டியாக இருந்தது. ஆறாவது குழாயில் பிஸ்டன் அசையாமல் நின்றது. டாஷ்போர்டுக்குள் ஏசிக்குப் போகிற குழாய். நாற்பது நிமிஷம் ஆகியிருக்கும். கூலி 300 ரூபாய் கேட்டார். நான் 1,000 கொடுத்தேன், மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தக் குழாயில் ஒரு சைக்கிள் பால்ஸை வைத்து அடைத்தார். வண்டி சாவிக்கு நின்றது. அன்றைக்குக் கடையில் யார் வந்தாலும் சிரித்தேன்.

ஆனால் அதோடு ஏசி கெட்டது. வேக்கம் இல்லாவிட்டால், உள்காற்றையே சுற்ற விடுகிற கதவு மூடாமல், வெளிக்காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். 42 டிகிரி வெயிலை இழுத்துக் குளிராக்கு என்றால் எந்த ஏசியால் முடியும்? என்ஜின் நிற்க வேண்டுமா, ஏசி குளிர வேண்டுமா, இரண்டில் ஒன்று. இதற்கும் பாய்தான் வழி கண்டுபிடித்தார். குளுக்கோஸ் ஏற்றுகிற டியூபில் சொட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு சக்கரம் இருக்குமே, அந்தத் துண்டை வெட்டி அந்தக் குழாயில் இணைத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே என் முழங்கால் பக்கம் தொங்க விட்டார். ஓட்டும்போது திறந்து வைத்தால் ஏசி வேலை செய்யும். இறங்குவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் சக்கரத்தை உருட்டி மூடினால், வேக்கம் ஏறி, சாவிக்கு நிற்கும். இரண்டரை வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். கிரீன் சர்க்கிள் சிக்னல் வந்தாலே கை தானாகக் கீழே போகும்.

இப்போது நல்லதைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அநியாயம். இத்தனைக்கும் நான் ஏன் விற்கவில்லை? அம்மாவால்தான். தொரப்பாடியிலிருந்து பாகாயம் வரை எத்தனை வேகத்தடை என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தம்பியின் புது எஸ்யூவியில் ஒவ்வொன்றுக்கும் அம்மா "அம்மாடி" என்று முனகுவார். இந்த வண்டியின் பின் சீட்டில் தூங்கிவிடுவார். மிகைப்படுத்தவில்லை. ஒரு பக்கம் வாய் திறந்து, கையில் ஆஸ்பத்திரி ஃபைலைப் பிடித்தபடி, நிஜமாகவே தூங்குவார். பின்சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து கம்பிகள் தனித்தனியாகப் பிடித்திருக்கிற அமைப்பு அது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும், சீட்டுக்கு அந்த அடி வந்து சேராது. கதவைச் சாத்தினால் 'தப்' என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு வெளியே ஆற்காடு ரோட்டின் இரைச்சல் பாதியாகிவிடும். முன் சீட்டு கிழிந்தபோது ஆம்பூரில் தோல் வாங்கித் தைத்தேன். அந்த வாசனை இரண்டு வருஷம் இருந்தது. 14 கொண்டை ஊசி வளைவுள்ள ஏலகிரி மலையை மூன்று பேரோடு ஏறுவேன். மெதுவாகத்தான் ஏறும், ஏசியை அணைத்தால்தான் ஏறும், ஆனால் டெம்பரேச்சர் முள் ஒரு நாளும் பயமுறுத்தியதில்லை. கூலண்ட் தவிர போர் தண்ணீரை நான் ஊற்றியதே இல்லை என்பதும் ஒரு காரணம். நம்ம ஊர் உப்புத் தண்ணீர் ரேடியேட்டரைத் தின்றுவிடும்.

செலவுகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். டயர் 195/65 ஆர்15, எந்தக் கடையிலும் கிடைக்கிற சைஸ், அதில் பயமே வேண்டாம். என்ஜின் ஆயில் 7 லிட்டர் பிடிக்கும். டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஊருக்குள் 11, பைபாஸில் 14 கிலோமீட்டர் கொடுக்கிறது. கண்ணாடி, லைட், கைப்பிடி எல்லாம் சென்னை புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். ஆர்சி புதுப்பிக்கிற கட்டணம் போன தடவை 2021-ல் 600 ரூபாய். 2025 ஆகஸ்ட் முதல் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு அது 10,000. பசுமை வரி தனி. இந்த டிசம்பரில் எனக்கு அது காத்திருக்கிறது.

போன மாசம், இனி இந்த குளுக்கோஸ் டியூப் வேண்டாம், முறையாகச் செய்துவிடுவோம் என்று முடிவெடுத்தேன். ஏசிக் கதவை இழுக்கிற டயாஃப்ரத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, பாயும் ஒரு ஏசி மெக்கானிக்கும் சேர்ந்து டாஷ்போர்டைக் கழற்றினார்கள். மூன்று நாள். கிழிந்திருந்த பழைய ரப்பரை பாய் என் கையில் கொடுத்தார். ஒரு ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெரிசு, காய்ந்த புளியங்காய் ஓடு மாதிரி, விரலால் அழுத்தினால் நொறுங்கியது. இதற்காகவா 61,000 ரூபாயும் மூன்று வருஷமும் போனது என்று வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சாவிக்கு நிற்கிறது, ஏசியும் குளிர்கிறது. ஆனால் 30 வருஷப் பிளாஸ்டிக்கைக் கழற்றியதில் உள்ளே நாலைந்து கிளிப் உடைந்துவிட்டது. ஒன்பது வருஷமாக வாயே திறக்காத டாஷ்போர்டு இப்போது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் கிர்கிர் என்கிறது. அந்த அமைதிக்காகத்தான் இந்த வண்டியையே வைத்திருந்தேன். பாய் இரண்டு தடவை பஞ்சு வைத்துப் பார்த்துவிட்டார். "உடுங்க சார், பழகிடும்" என்கிறார். எனக்குப் பழகவில்லை. நேற்று பள்ளிகொண்டா டோல் தாண்டும்போது அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நின்றேன். பின் சீட்டில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

அதனால் நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. பாய் மாதிரி ஒருவர் உனக்கு அமையும் வரை வாங்காதே. மூன்று லட்சம் கையில் இருந்தால், இரண்டுக்கு வாங்கி ஒன்றை ஒதுக்கி வைக்க முடிந்தால் மட்டும் யோசி.

அப்படியும் பெங்களூர் போய்ப் பார்த்தே தீருவேன் என்றால், அரை மணி நேரம் ஏசி போட்டு ஓட்டிவிட்டு வந்து சாவியை எடு. உடனே அடங்குகிறதா என்று பார். பிறகு பானட்டைத் திறந்து அந்த ஸ்டாப் லீவரைப் பார். மற்ற இடங்களில் இருக்கிற அதே தூசி அதன் மேலும் படிந்திருந்தால் எனக்கு போன் பண்ணு, நானும் பாயும் வருகிறோம். அது மட்டும் விரல் பட்டுப் பட்டு வழவழவென்று இருந்தால், விலை பேசாமல் பஸ் ஏறிவிடு.