கடினம் 70 காட்டுகிறது என்று நம்பி ஓ-ரிங் வாங்காதீர்கள்

வெந்நீர் லைனுக்கு ஓ-ரிங், அதாவது கசிவை அடைக்கும் ரப்பர் வளைய சீல், வாங்குகிற யாராக இருந்தாலும் இதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். நான் ஏமாந்த அதே இடத்தில் இன்னொருவர் ஏமாறக்கூடாது.

நான் கேட்டது ஈபிடிஎம் என்கிற செயற்கை ரப்பர், பெராக்சைடு கியூர் (கந்தகத்துக்குப் பதில் பெராக்சைடு போட்டு வேகவைத்தது), கடினம் 70 ஷோர் ஏ (ரப்பர் கடினத்தின் அளவுகோல்). 130 டிகிரி செல்சியஸில் வெந்நீர் ஓடும் பம்புகளுக்கு என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தேன். பெட்டியோடு வந்த சான்றிதழில் கடினம் மட்டும்தான் இருந்தது. நானும் கடினம் அளக்கும் மீட்டரை வைத்து அழுத்திப் பார்த்தேன், 69, 71 என்று வந்தது, சரி என்று எல்லா பம்பிலும் மாட்டிவிட்டோம்.

மூன்றாவது வாரத்தில் ஒவ்வொன்றாகக் கசிய ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் வளையத்தின் இரண்டு பக்கமும் தட்டையாகி, அது உட்காரும் பள்ளத்தின் வடிவத்தையே எடுத்துக்கொண்டிருந்தது. தொட்டுக்கொண்டிருந்த பித்தளைப் பாகம் கருத்துப் போயிருந்தது. கடினம் 80-ஐத் தாண்டிவிட்டது. விற்றவரைக் கூப்பிட்டால், "நீங்க ரொம்ப இறுக்கிட்டீங்க சார், சரக்கு மேல தப்பு இல்ல" என்கிறார்.

தப்பு சரக்கில்தான். ரப்பர் என்பது நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். அவற்றை அங்கங்கே முடிச்சுப் போட்டுக் கட்டுவதுதான் கியூரிங். அந்த முடிச்சைத்தான் குறுக்குப் பிணைப்பு என்கிறோம். முடிச்சு போதவில்லை என்றால் அழுத்தத்தில் சங்கிலிகள் ஒன்றைவிட்டு ஒன்று நழுவிவிடும், விட்டாலும் பழைய இடத்துக்குத் திரும்பாது. ஆனால் கடினம் முடிச்சால் மட்டும் வருவதில்லை. ரப்பரில் கலக்கும் கரித்தூளான கார்பன் பிளாக்கைக் கூட்டினாலும் ஏறும். அச்சிலிருந்து சீக்கிரமே எடுத்துவிட்டு, குறைந்த கடினத்தைக் கார்பன் பிளாக்கால் ஈடுகட்டினால் மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. பித்தளை கருத்ததிலிருந்தே சந்தேகம் வந்தது, இது பெராக்சைடு இல்லை, கந்தகம் போட்ட ரப்பர். பாதியில் நிறுத்திய கியூரிங், மிச்சக் கந்தகத்தோடு என் பம்புக்குள் தொடர்ந்து நடந்திருக்கிறது. நசுங்கிய நிலையில் புதிதாக விழும் முடிச்சுகள் நசுங்கிய வடிவத்தையே தன் வடிவம் என்று பிடித்துக்கொள்ளும். கடினம் ஏறியதும் தட்டையானதும் ஒரே காரணத்தால்தான். போதாததற்குக் கந்தகத்துக்கும் கந்தகத்துக்கும் உள்ள பிணைப்பு, பெராக்சைடு தரும் கார்பன்-கார்பன் பிணைப்பைவிட வலுக்குறைந்தது. சூட்டில் உடைந்து வேறு இடத்தில் சேர்ந்துகொள்ளும். கந்தகம் கெட்டது என்று சொல்லவில்லை, திரும்பத் திரும்ப வளைகிற டயர் மாதிரியான இயற்கை ரப்பர் சாமான்களுக்கு அதுதான் பொருத்தம். 130 டிகிரியில் நாள் முழுக்க நசுங்கிக் கிடக்கும் சீலுக்கு அது ஆகாது.

மாட்டாத வளையம் ஒன்றையும், பழைய நல்ல வளையம் ஒன்றையும் துண்டு வெட்டி, எடை பார்த்து, காற்றோட்டமான இடத்தில் டொலுவின் என்கிற கரைப்பானில் ஊறப் போட்டேன். பிணைப்பு நெருக்கமாக இருந்தால் ரப்பர் குறைவாகத்தான் உப்பும். புதியது நல்லதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு டொலுவின் குடித்திருந்தது. பிறகு ஒரு ஆய்வகத்தில் கம்ப்ரெஷன் செட், அதாவது நசுக்கி விட்டபின் ரப்பர் எவ்வளவு மீளாமல் நிற்கிறது என்று பார்க்கக் கொடுத்தேன். சோதனைத் தரம் ஏஎஸ்டிஎம் டி395, முறை பி: 25 சதவீதம் நசுக்கி, சூட்டில் வைத்து, வெளியே எடுத்து அரை மணி நேரம் கழித்து, நசுக்கியதில் எத்தனை சதவீதம் மீளவில்லை என்று அளப்பார்கள். 100 என்றால் மீளவே இல்லை என்று அர்த்தம். 130 டிகிரியில் 70 மணி நேரத்துக்கு இந்தச் சரக்கு 80-க்கு மேல். பழையது 20 சொச்சம்.

அறிக்கையைக் காட்டியதும் மாற்றுச் சரக்கு வந்தது. இந்த முறை கந்தகத்தை ஏற்றி அதிக நேரம் வேகவைத்திருக்கிறார்கள் போல, பள்ளத்தில் ஏற்ற இழுக்கும்போதே நான்கு வளையங்கள் கிழிந்தன. பிணைப்பு கூடக்கூட விறைப்பு ஏறிக்கொண்டே போகும், நீட்சி குறையும். ஆனால் கிழிபடாத வலிமை ஓர் அளவு வரை ஏறிவிட்டு அப்புறம் இறங்கிவிடும். அந்த அளவைத் தாண்டிய சரக்குதான் இரண்டாவது பெட்டி.

அதனால் கடினத்தை மட்டும் காட்டும் சான்றிதழை ஏற்காதீர்கள். உங்கள் வேலை வெப்பநிலையிலேயே எடுத்த கம்ப்ரெஷன் செட் எண்ணையும், அந்த பேட்சின் ரியோமீட்டர் வரைபடத்தையும் (கியூரிங் நேரம் ஆக ஆக எப்படி முன்னேறியது என்று காட்டுவது) பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். வளையத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தாலோ, கந்தக வாடை அடித்தாலோ, பெராக்சைடு என்று சொன்னதை நம்பாதீர்கள்.

வரைபடத்தை நான் மூன்று முறை கேட்டுவிட்டேன், இன்னும் வரவில்லை, பணமும் வரவில்லை. இரண்டு பெட்டியிலிருந்தும் சில வளையங்களை அத்தாட்சிக்காக உறையில் போட்டு வைத்திருக்கிறேன். மீதி அத்தனையையும் கத்தரித்துப் போட்டுவிட்டேன், அவசரத்தில் யாராவது எடுத்து மாட்டிவிடக்கூடாது.