ஊர் விடுமுறையில் ஆண் கருத்தடை: தருமபுரியில் விசாரித்ததும் செய்துகொண்டதும்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருபவர்கள் பல் வைத்தியம், கண்ணாடி, முழு உடல் பரிசோதனை என்று ஒரு பட்டியலோடு வருவது வழக்கம். இம்முறை என் பட்டியலில் ஆண் கருத்தடை அறுவைச் சிகிச்சையும் சேர்ந்திருந்தது. சிங்கப்பூரில் இரண்டாவது பிரசவமும் சிசேரியனாகவே முடிந்து, அதன்பின் மாத்திரையும் காப்பர்-டியும் என் மனைவிக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதால், இனி இந்தப் பொறுப்பை நான் ஏற்பது என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். ஓய்வெடுக்க வீடும், கவனித்துக்கொள்ள ஆட்களும் இருக்கும் ஊரிலேயே செய்துகொள்ளலாம் என்பதும் அந்த முடிவின் ஒரு பகுதி.

காரிமங்கலம் பக்கம் உள்ள எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது அம்மாவின் முதல் கேள்வி, "சம்பாதிக்கிற உடம்புப்பா, அதுல போயி கத்தி வைக்கலாமா?" என்பதாக இருந்தது. "அந்தப் புள்ளைக்கே பண்ணி வுட்டிருக்கலாமே" என்றார் அத்தை. வயிற்றில் ஏற்கெனவே இரண்டு முறை கத்தி பட்டவருக்கு மூன்றாவது முறையும் படலாம், கணவனுக்கு ஒரு முறைகூடப் படக்கூடாது என்ற கணக்கு எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமான தம்பதியரில் பெண் கருத்தடை அறுவைச் சிகிச்சையை நம்பியிருப்போர் 37.9 விழுக்காடு, ஆண் கருத்தடையை நம்பியிருப்போர் 0.3 விழுக்காடு. வயதில் மூத்தவர்களின் அச்சத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ஆம் ஆண்டில் மட்டும், நாடு முழுவதும் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு இச்சிகிச்சை செய்யப்பட்டது. அவற்றில் பல, விருப்பத்தைக் கேட்காமல் செய்யப்பட்டவை. அந்தக் கசப்பு இன்னும் பேச்சில் இருக்கிறது.

முதலில் தகவல் தந்தவர் எங்கள் ஊர் நர்ஸம்மா, அதாவது கிராம சுகாதாரச் செவிலியர். அரசு மருத்துவமனையில் செலவு எதுவும் இல்லை, ஊக்கத்தொகையாக 1,100 ரூபாயும் தருவார்கள், ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை இதற்கென்றே இருவார விழா நடக்கும், அப்போது முகாம்களும் இருக்கும் என்று அவர் சொன்னார். நான் முதலில் போனது நகரத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு. வரவேற்பில் இருந்த பெண், காத்திருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் "என்ன ஆபரேசன் சார்?" என்று உரக்கக் கேட்டார். மருத்துவரோ கட்டணத்தைச் சொன்ன வேகத்தில், சிகிச்சைக்குப் பிறகு செய்ய வேண்டிய விந்துப் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பிறகு போன அரசு மருத்துவமனையில் கூட்டம் அதிகம் என்றாலும், ஆலோசகர் தனி அறையில் உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசினார். அங்கேயே செய்துகொள்வது என்று முடிவு செய்தேன்.

தகுதி விதிகள் எளியவை. திருமணமானவராக, அறுபது வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். ஒரு வயது நிறைந்த குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும். மனைவிக்கு ஏற்கெனவே கருத்தடை அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கக் கூடாது. மனைவியின் கையொப்பம் கட்டாயமில்லை என்றாலும் அவரோடு பேசி முடிவு செய்து வருவதே நல்லது என்றார் ஆலோசகர். அவர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இனி குழந்தை வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறீர்களா?" வெட்டிய குழாயை மீண்டும் இணைக்கும் சிகிச்சை இருக்கிறது, ஆனால் அது எல்லோருக்கும் பலன் தருவதில்லை, ஆண்டுகள் கூடக் கூட வாய்ப்பும் குறையும். ஆகவே, பின்னர் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு யாரும் மேசையில் ஏறக் கூடாது.

இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்தார்கள். விரைவீக்கம், குடலிறக்கம், அந்தப் பகுதியில் தோல் புண் ஆகியவை இருந்தால் முதலில் அவற்றைக் கவனிக்கச் சொல்கிறார்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இப்போது பரவலாகச் செய்யப்படுவது, 1974இல் சீன மருத்துவர் லி ஷுன்சியாங் உருவாக்கிய முறை. கத்தியால் கீறுவதில்லை, தையலும் இல்லை. மருத்துவர் விதைப்பையின் தோலுக்கு அடியில் விந்துக் குழாயை மூன்று விரல்களால் தேடிப் பிடித்து நிறுத்தி, மரத்துப்போகும் ஊசியைப் போடுகிறார். அந்த ஊசி எறும்பு கடித்தாற்போல் சுருக்கென்று குத்தும். பிறகு கூர்முனைக் கருவியால் சிறு துளையிட்டு, குழாயை வளையம் போல வெளியே எடுத்து, ஒரு துண்டை வெட்டி முனைகளைக் கட்டிவிடுகிறார். இன்னொரு பக்கத்துக் குழாயும் அதே துளை வழியாகவே வந்தது. குழாயை இழுக்கும்போது அடிவயிற்றில் ஒரு கனமான வலி எழுந்தது உண்மை. ஆனால் அதைத் தவிர வேறு வலி இல்லை. அரை மணி நேரத்துக்குள் துளையின் மேல் ஒரு பிளாஸ்திரியோடு எழுந்து உட்கார்ந்தேன்.

ஆண்மை குறையுமா என்பதுதான் எங்கள் ஊர் ஆண்கள் தணிந்த குரலில் கேட்ட கேள்வி. ஆண் ஹார்மோன் விந்துக் குழாய் வழியாகப் போவதில்லை. அது இரத்தத்தில் கலக்கிறது. ஆகவே ஆசையும் விறைப்பும் குறையக் காரணமில்லை. வெளிவரும் திரவத்தில் விந்து உயிரணுக்களின் பங்கு மிகச் சிறியது என்பதால் அளவிலும் வேறுபாடு தெரியாது. உடல் வேலை செய்வதற்கும் நிரந்தரத் தடை ஏதுமில்லை. வீக்கம், இரத்தக்கட்டு, தொற்று ஆகியவை சிலருக்கு வரலாம். மிகச் சிலருக்கு வலி மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. இதை மறைத்துவிட்டு "ஒன்றுமே ஆகாது" என்று சொல்லும் விளம்பரப் பேச்சு எனக்கு உடன்பாடில்லை. பால்வினை நோய்களிலிருந்து இது பாதுகாப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முதல் இரண்டு நாள் முழு ஓய்வு, இறுக்கமான உள்ளாடை, ஒரு வாரத்துக்குச் சைக்கிள், கனமான சுமை இரண்டும் கூடாது என்றார்கள். பைக்கையும் அதே கணக்கில் சேர்த்துக்கொண்டேன். விடுமுறையில் வருபவர்கள் நாள் குறிக்கும்போது இங்கேதான் யோசிக்க வேண்டும். புறப்படும் நாளுக்கு முந்தைய நாட்களில் செய்துகொண்டு, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு விமான நிலையம் வரை காரில் குலுங்கிப் போய், முப்பது கிலோ பெட்டியைத் தூக்கிப் போடுவது தேவையற்ற வேலை. பயணத்தின் முதல் வாரத்திலேயே முடித்துக்கொண்டால், ஏதேனும் வீக்கம் வந்தாலும் செய்தவரிடமே காட்டலாம்.

இதைவிட முக்கியமானது அடுத்த மூன்று மாதம். வெட்டுக்கு அப்பால் குழாயில் ஏற்கெனவே தங்கியிருக்கும் உயிரணுக்கள் வெளியேறி முடிய அவ்வளவு காலம் ஆகும். அதுவரை ஆணுறையோ வேறு கருத்தடை முறையோ கட்டாயம். மூன்று மாதம் முடிந்து, விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று அறிக்கை வந்த பிறகே சிகிச்சை பலித்ததாகக் கொள்ள வேண்டும். "ஆபரேசன் ஆயிடுச்சே" என்று நம்பி, இடையில் மனைவி கருத்தரித்தால் அவரைச் சந்தேகிக்கும் அவலம் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது என்று நர்ஸம்மா வருத்தத்தோடு சொன்னார்.

நான் சிங்கப்பூர் திரும்பி, காலக்கெடு முடிந்ததும் அங்குள்ள ஆய்வகத்தில் பரிசோதித்தேன். உயிரணு இல்லை என்று வந்தது. அந்த அறிக்கையை வாட்ஸ்ஆப்பில் அனுப்பியபோது, கருத்தடைச் சான்றிதழ் வேண்டுமானால் தங்களிடமே நேரில் வந்து பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவமனையில் பதில் சொன்னார்கள். பின்னாளில் சிகிச்சை தோற்றால் அரசின் இழப்பீடு கோர அந்தச் சான்றிதழ் உதவும் என்பதால், அடுத்த பயணத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சிகிச்சை அட்டையைக் கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்து செய்துகொள்பவர்கள் இந்த விவரத்தைக் கையொப்பமிடும் நாளிலேயே கேட்டுக்கொள்ளலாம்.