பொத்தான்களை எங்கே அமைப்பது?

மலேசியாவின் பட்டர்வொர்த் வானில் ஹார்னெட் போர் விமானங்களின் முழக்கம் கேட்டே வளர்ந்தவன் என் தங்கை மகன். டிசிஎஸ் என்ற கணினிப் போர் விமான சிமுலேட்டரில் எஃப்/ஏ-18சி ஹார்னெட் ஓட்டத் தொடங்கியதும் கேட்டான்: "மாமா, ஜாய்ஸ்டிக் பொத்தான்களை விளையாட்டுக்குள்ளேயே அமைக்கலாமா, டார்கெட் மென்பொருளில் நிரல் எழுதலாமா?"

விளையாட்டுக்குள்ளேயே தொடங்கு என்றேன். ஒவ்வொரு விமானத்துக்கும் தனி அமைப்பு உண்டு. ஒரு பொத்தானை 'மாடிஃபையர்' ஆக்கினால், அதை அழுத்திப் பிடிக்கும்போது மற்றவை இரண்டாவது வேலையும் செய்யும். ஹார்னெட்டில் ஆயுதத் தேர்வு கட்டைவிரல் சுவிட்சிலேயே இருக்கிறது: முன்னே தள்ளினால் ஸ்பாரோ ஏவுகணை, அழுத்தினால் சைட்வைண்டர் ஏவுகணை, வலப்புறம் அம்ராம் ஏவுகணை, பின்னே இழுத்தால் பீரங்கி. சண்டையில் கண் எதிரியை விட்டு விலகக் கூடாது. ஆகவே இந்த நான்கையும் முதலில் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். மற்றவை காத்திருக்கலாம்.

டார்கெட், திரஸ்ட்மாஸ்டர் நிறுவனத்தின் ஜாய்ஸ்டிக் போன்ற கருவிகளுக்கானது. குறுகிய அழுத்தத்துக்கு ஒரு கட்டளை, நீண்ட அழுத்தத்துக்கு இன்னொன்று என ஒரே பொத்தானைப் பிரிக்கும். பொத்தான் குறைந்த ஜாய்ஸ்டிக்குக்கு இது பெரிய வரம். ஆனால் ஒவ்வொரு முறையும் விளையாட்டுக்கு முன் அதை இயக்க வேண்டும். பிழை வந்தால் எந்தப் பக்கம் தேடுவது என்பதே குழப்பம். விரல்கள் பழகிய பிறகு, இடம் போதாதபோது மட்டும் அதற்குப் போகலாம்.