டிரைவர் அப்டேட்: பல வருடப் பழக்கத்தில் நான் வைத்துக்கொண்டதும் விட்டதும்

என்னிடம் இருப்பது ஒரு லேப்டாப்பும் கிராஃபிக்ஸ் கார்டு போட்ட ஒரு டெஸ்க்டாப்பும். இரண்டிலும் விண்டோஸ். டிரைவர், அதாவது ஒரு சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் சிறு மென்பொருள், அந்த விஷயத்தில் என் வழக்கம் பல வருடங்களாக ஏறக்குறைய ஒன்றுதான். விண்டோஸ் அப்டேட் தானாகப் போடுவதைப் போட விடுவேன். கிராஃபிக்ஸ், வைஃபை இரண்டை மட்டும் நானே கவனிப்பேன். மற்றவை ஒழுங்காக ஓடும்வரை அந்தப் பக்கமே போகமாட்டேன். டிரைவர்களைத் தானே தேடி மாற்றுவதாகச் சொல்லும் ‘டிரைவர் அப்டேட்டர்’ வகை மென்பொருள் எதற்கும் இடமில்லை.

அப்படி ஒன்றை அக்காவின் லேப்டாப்பில் பார்த்திருக்கிறேன். திறந்ததுமே சிவப்பு எழுத்தில் நீளமான பட்டியல், எல்லாம் பழசாம், உடனே மாற்ற வேண்டுமாம். அதில் முக்கால்வாசி 2006 ஜூன் 21 என்று தேதியிட்டவை. இந்தத் தேதியை உங்கள் கணினியிலும் பார்க்கலாம். கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் கீபோர்டையோ ஹார்ட் டிஸ்கையோ வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டிரைவர் என்ற டேபைத் திறந்தால் போதும். மைக்ரோசாஃப்ட் தன் சொந்த டிரைவர்களுக்கு வேண்டுமென்றே போடும் தேதி அது. கோப்பு அண்மையில் திருத்தியதாகவே இருந்தாலும் தேதி மாறாது. ஒரு சாதனத்துக்கு ஒரே அளவு பொருந்தும் இரண்டு டிரைவர்கள் கிடைத்தால், தேதி புதியதாக இருப்பதைத்தான் விண்டோஸ் எடுக்கும். தயாரிப்பாளர் கொடுத்ததே ஜெயிக்கட்டும் என்று தன்னுடையதைப் பழசாகக் காட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். இன்டெல் தன் சிப்செட் (மதர்போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்) டிரைவர்களுக்கு 1968 ஜூலை 18 என்றே போட்டிருக்கிறது. அந்த நிறுவனம் தொடங்கிய நாள்! இதையெல்லாம் ‘ஆபத்து’ என்று காட்டினால்தானே காசு கட்டுகிற பதிப்பு விற்கும்.

பட்டியலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது ஆடியோ டிரைவரையும் மாற்றி வைத்திருந்தது. ஸ்பீக்கர் பாடியது, ஆனால் ஹெட்போனைச் செருகினால் லேப்டாப்புக்குத் தெரியவே இல்லை. சிப் அதேதான், டிரைவரும் அந்தச் சிப்புக்கு உரியதுதான். ஆனால் அந்த மாடலின் ஜாக்கும் மைக்கும் இணைந்திருக்கும் விதத்துக்கு ஏற்ப லேப்டாப் தயாரிப்பாளர் சரிசெய்து கொடுத்த பதிப்பு போய், பொதுவான பதிப்பு வந்துவிட்டது. ஹார்டுவேர் ஐடி என்ற நீளமான வரியைப் பார்த்தால் இது புரியும். முதலில் சிப் தயாரிப்பாளரின் எண் (8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி), பிறகு சிப்பின் எண், அதன் பின் சப்சிஸ்டம் எண். அந்தச் சிப் யாருடைய எந்தப் போர்டில் உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்வது மூன்றாவதுதான். தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து, அங்கிருந்த பழைய ஆடியோ டிரைவரைப் போட்டதும் ஹெட்போன் பேசியது. ஆடியோ, டச்பேட், கைரேகை சென்சார் மூன்றுக்கும் நான் வேறு எங்கும் தேடுவதில்லை.

கிராஃபிக்ஸ் அப்படியல்ல. புது விளையாட்டு, எடிட்டிங் மென்பொருள் ஆகியவற்றுக்காக மட்டுமில்லாமல் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கவும் புதுப் பதிப்புகள் வருகின்றன, அதனால் அடியோடு விட்டுவிட முடியாது. என்விடியா கேம் ரெடி, ஸ்டூடியோ என்று இரண்டு வரிசை வைத்திருக்கிறது. நான் விளையாடுவது குறைவு, ஸ்டூடியோவே போதுமானதாக இருக்கிறது. ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்களுக்கு ‘ஆப்ஷனல்’ வேண்டாம், ‘ரெகமெண்டட்’ போதும் என்பேன். எதுவானாலும் வெளியான அன்றே போடுவதில்லை, ஓரிரு வாரம் போகட்டும். 2010 மார்ச்சில் என்விடியாவின் 196.75 பதிப்பு கார்டின் விசிறி வேகத்தைக் குழப்பி, கார்டுகள் அளவுக்கு மீறிச் சூடாகி, சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது. அவசரப்படாதவர்களுக்கு அப்படி ஒன்று வந்ததே தெரிந்திருக்காது.

பழைய கிராஃபிக்ஸ் டிரைவரை அடியோடு துடைத்தெடுக்கும் டிடியூ என்ற டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஓட்டச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது அதிகப்படியாகத் தோன்றுகிறது. ஒரு கம்பெனி கார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும், எதைச் செய்தும் திரை மினுக்கல் போகாதபோதும் மட்டுமே அதை எடுக்கிறேன். அப்போது இணையத்தைத் துண்டித்துவிட்டு சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் நிலை) ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் பழையதை நீக்கிக்கொண்டிருக்கும்போதே விண்டோஸ் அப்டேட் வேறொன்றைக் கொண்டுவந்து வைத்துவிடும்.

அப்புறம், திரும்பி வரும் வழி. ஒரு சமயத்தில் ஒரு டிரைவர், அதற்கு முன் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் (கணினியின் அமைப்புகளை அந்த நிலைக்கே திருப்ப உதவும் பதிவு). சிஸ்டம் புரொடெக்‌ஷன் இயங்கினால்தான் அது உருவாகும், ஆனால் பல கணினிகளில் அணைந்தே கிடக்கும், ஒருமுறை பார்த்துவிடுங்கள். என் லேப்டாப்பில் வைஃபை டிரைவர் ஒன்று புதுசாக வந்த பிறகு, மூடித் திறந்தால் வைஃபையே காணாமல் போனது. டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ அழுத்தியதோடு தொல்லை முடிந்தது. ஆனால் அந்தப் பொத்தான் ஒரு படிதான் பின்னால் போகும். முந்தைய டிரைவர் கணினியில் இல்லையென்றால் மங்கலாகவே இருக்கும். அதனால் எல்லாம் நன்றாக ஓடும் ஒரு நாளில், பிஎன்பியூட்டில் என்ற கட்டளையின் எக்ஸ்போர்ட் வசதியைக் கொண்டு விண்டோஸோடு வராத, மற்ற நிறுவனங்களின் டிரைவர்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் எடுத்து பென் டிரைவில் வைத்துவிடுகிறேன். இது விண்டோஸோடு வருவதுதான், நிர்வாகி உரிமையில் திறந்த டெர்மினல் போதும். விண்டோஸை மறுபடி நிறுவும் நாளில் இதன் அருமை தெரியும். வைஃபை டிரைவர் இல்லாமல் இணையம் கிடையாது, இணையம் இல்லாமல் வைஃபை டிரைவரை இறக்க முடியாது.

பாதுகாப்பு என்றால் புதுசு போடுவது மட்டுமில்லை, பழசைக் களைவதும்தான். முறையான கையொப்பம் உள்ள, ஆனால் ஓட்டை இருக்கும் பழைய டிரைவரைத் தாங்களே கொண்டுவந்து நிறுவி, அதன் வழியாக விண்டோஸின் உட்கருவான கெர்னலுக்குள் நுழைவது தாக்குபவர்களின் பழக்கப்பட்ட தந்திரம். அப்படிப்பட்டவற்றைத் தடுக்கும் பட்டியல் விண்டோஸ் 11-இன் 2022 அப்டேட்டிலிருந்து இயல்பாகவே இயங்குகிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் பகுதியில் கெர்னலுக்குள் தீய நிரல் நுழையாமல் காக்கும் மெமரி இன்டெக்ரிட்டியையும் இயக்கிப் பாருங்கள். இயங்க மறுத்தால், எந்த டிரைவர் தடுக்கிறது என்று அங்கேயே பெயர் வரும். என் டெஸ்க்டாப்பில் தடுத்தது, எப்போதோ தூக்கிப் போட்ட ஸ்கேனரின் டிரைவர்.

கணினி இயங்கத் தொடங்கும்போது முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருளான பயாஸின் அப்டேட்டைப் பாதுகாப்புத் திருத்தமோ எனக்கு உள்ள குறைக்குத் தீர்வோ இருந்தால் மட்டும் செய்கிறேன். டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் முதலில் அதைத் தற்காலிகமாக நிறுத்தி, ரெக்கவரி கீ கையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தீராத குறை ஒன்று உண்டு. நான் போட்ட கிராஃபிக்ஸ் டிரைவரை விண்டோஸ் அப்டேட் சில சமயம் லேப்டாப் தயாரிப்பாளரின் பழைய பதிப்பால் மாற்றிவிடுகிறது. விண்டோஸின் புரோ பதிப்பில் குரூப் பாலிசி என்ற அமைப்புகள் பகுதியில் ‘விண்டோஸ் அப்டேட்டில் டிரைவர்களைச் சேர்க்காதே’ என்ற அமைப்பு இருக்கிறது. டெஸ்க்டாப்பில் அதைப் போட்டாயிற்று. லேப்டாப்பில் போடவில்லை. அங்கே மற்ற சின்னச் சின்ன டிரைவர்களை விண்டோஸே பார்த்துக்கொள்வது எனக்குச் சௌகரியம், கிராஃபிக்ஸ் டிரைவரை எப்போதாவது மறுபடி போட்டுக்கொள்கிறேன்.