1098: ஓர் அழைப்பும் ஓராண்டு வாய்தாக்களும்

தொண்டி முதல் மூக்கையூர் வரை நீளும் எங்கள் கடற்கரையில் ஏதோ ஓர் ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பெயர், வயது, பள்ளி, குற்றம் சாட்டப்பட்டவர் என்ன முறை என்பது எதையும் எழுதப்போவதில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது; தவிர, எங்கள் ஊர்களில் முறையைச் சொன்னாலே வீட்டைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் நான், என்னிடம் படித்த ஒரு குழந்தைக்காகக் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைத்த நாள் முதல், அரசின் குழந்தைகள் பாதுகாப்புச் சேவை எங்களுக்கு எந்த அளவுக்குப் பயன்பட்டது என்பதே இந்த மதிப்புரை.

அழைப்பைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்நேரமும் இலவசம், எடுத்தவர் பொறுமையாகத் தமிழில் பேசினார், என் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்று வற்புறுத்தவில்லை. குழந்தை இப்போது எங்கே இருக்கிறது, அந்த ஆளும் அதே வீட்டில்தான் இருக்கிறாரா என்ற இரண்டையுமே முதலில் கேட்டார். காரணம் பிறகு புரிந்தது. ஒரே வீட்டில் வசிப்பவர்மீது சந்தேகம் இருந்தால், காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் அழைத்துச்செல்ல வேண்டும். குழந்தை அந்த வீட்டிலேயே இருப்பது சரியா என்பதைக் குழு மூன்று நாட்களுக்குள் முடிவுசெய்ய வேண்டும்.

இடையில் ஊர்ப் பெரியவர்கள், வெளியே தெரியாமல் பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். தெரிந்தும் புகார் செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு என்று 21ஆம் பிரிவைச் சொன்னதும் பேச்சு நின்றது. எனக்குத் தெரிந்து அந்தப் பிரிவு இதைவிட நன்றாக எங்கும் வேலை செய்திருக்காது.

நாங்கள் முதலில் போன காவல் நிலையத்தில் நாளை வரச்சொன்னார்கள் என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். பின்னர் வந்த பெண் உதவி ஆய்வாளர், சட்டம் சொல்கிறபடியே சீருடை அணியாமல் சாதாரணச் சேலையில் வீட்டுக்கு வந்து, குழந்தை நிறுத்திய இடத்தில் தானும் நிறுத்தி வாக்குமூலம் எழுதினார்.

இந்தச் சேவையில் எதைத் தவறவிட்டாலும், வழக்கு முழுக்கக் குழந்தைக்குத் துணையாக இருக்கும் ஆதரவு நபரைத் தவறவிடாதீர்கள். 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி, குழந்தையும் பெற்றோரும் சம்மதித்தால் நலக் குழு ஒருவரை நியமிக்கும். எங்களுக்கு அமைந்த அம்மையார், சாட்சி சொல்லும் நாளுக்கு முன்பே குழந்தையை அழைத்துப்போய் நீதிமன்ற அறையைக் காட்டினார். அந்த ஆள் கண்ணில் படமாட்டார் என்றும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நேரடியாகக் கேட்க முடியாது, கேள்வி நீதிபதி வழியாகத்தான் வரும் என்றும், களைப்பாக இருந்தால் இடைவேளை கேட்கலாம் என்றும் குழந்தைக்குப் புரியும்படி சொன்னார். அதன் பிறகுதான் குழந்தை இரவில் தூங்கியது.

சேவை சறுக்குவது பணத்தில். குற்றம் சாட்டப்பட்டவரே சம்பாதிப்பவராக இருக்கும் வீட்டில், புகார் கொடுத்த மறுநாளே அடுப்பு கேள்வியாகிவிடுகிறது. பாசி எடுக்கவோ மீன் கம்பெனிக்கோ போகும் தாய்க்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி இழப்பு; அதற்குமேல் பேருந்துச் செலவு. 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், கடன் கொடுக்கும் உறவினர்களிடமும் பணம் இருக்காது. புகாரைத் திரும்பப் பெறச் சொல்லும் குரல்கள் அப்போதுதான் உரக்கக் கேட்கும். இதற்காகவே விதிகளில் சிறப்பு நிவாரணம் இருக்கிறது: உணவு, உடை, போக்குவரத்துக்கு உடனடித் தொகை தர நலக் குழு பரிந்துரைக்கலாம்; பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் பணம் வர வேண்டும். எங்களுக்கு இதை நான்கு மாதம் வரை யாரும் சொல்லவில்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு தந்த இலவச வழக்கறிஞரே கடைசியில் சொன்னார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது. முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றத்தில் இடைக்கால இழப்பீடு கேட்கலாம் என்பதும் அவர் சொன்னதுதான்.

ஆகவே முதல் நாளே நிவாரணத்துக்கு எழுத்தில் மனு கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கூடியவரை ஓராண்டில் விசாரணை முடிய வேண்டும் என்கிறது 35ஆம் பிரிவு. எங்களுக்கு ஓராண்டு முடிந்துவிட்டது. அடுத்த வாய்தாவுக்கும் அந்த அம்மையார் காலை முதல் பேருந்துக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.