நொறுக்குத் தீனி ஆசைக்கு எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை உதவுமா? கோவையில் ஒரு சிகிச்சைப் பிரிவைப் பற்றிய மதிப்புரை

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கிறவர்கள் செலவையும் வலியையும் விடுப்பு நாட்களையும் பற்றி மருத்துவரிடம் தாராளமாகக் கேட்கிறார்கள். ஆனால் மனத்துக்குள் இருக்கும் முதல் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கண்டதையும் தின்னத் தோன்றும் ஆசை இதனால் அடங்குமா என்பதே அந்தக் கேள்வி. என் தம்பிக்காக நாங்கள் இந்தக் கேள்வியை வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டே கோவையில் இரண்டு தனியார் மருத்துவமனைகளுக்குப் போனோம். அவற்றுள் இரண்டாவது மருத்துவமனையில்தான் அவன் இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டான். அங்குள்ள உடற்பருமன் சிகிச்சைப் பிரிவு எங்களுக்கு எந்த அளவுக்கு உதவியது என்பதை, இதே முடிவின் முன்னால் நிற்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயர் இல்லாமலேயே எழுதுகிறேன். எந்த ஊரில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் கேட்க வேண்டியவை இவைதான்.

தம்பி மென்பொருள் நிறுவனத்தில் இரவுப் பணியில் இருப்பவன். பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் குறியீடு) 41, மாத்திரைக்குக் கட்டுப்படாத சர்க்கரை, படுத்தால் மேலேறி வரும் நெஞ்செரிச்சல். வீட்டில் அவன் சாப்பிடும் அளவைப் பார்ப்பவர்கள் இந்த உடம்பு எப்படி வந்தது என்று வியப்பார்கள். நள்ளிரவுக்கு மேல் கைபேசிச் செயலியில் வரவழைக்கும் பொரித்த கோழியும் உருளைக்கிழங்கு சிப்ஸும் பெரிய பாட்டில் கோலாவும்தான் உண்மையான கணக்கு. அம்மா கொடுத்தனுப்பிய சாப்பாட்டை முழுவதும் சாப்பிட்ட பிறகும் அந்த ஆசை வரும் என்று அவனே சொல்வான். ஆகவே எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது, பசியில்லாமல் வரும் அந்த ஆசையை இந்தச் சிகிச்சை தொடுமா என்பதுதான்.

முதலில் போன இடத்தில் எங்களோடு பேசியவர் மருத்துவர் அல்லர், ஆலோசகர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட ஊழியர். முன்பும் பின்பும் எடுத்த படங்களைக் காட்டினார், மாதக் கடைசிக்குள் முன்பதிவு செய்தால் கட்டணத்தில் சலுகை உண்டு என்றார், செய்த நாளிலிருந்து ஜங்க் ஃபுட்டையே மறந்துவிடுவீர்கள் என்று உறுதி கூறினார். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் உடல் எடையைக் குறைக்க அறுவை சிகிச்சைக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்த செய்தி எங்கள் நினைவில் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றியும், மயக்க மருந்து நிபுணர் இரவிலும் இருப்பாரா என்றும் நாங்கள் கேட்டபோது நேரான பதில் வரவில்லை. அதோடு எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டாவது இடத்தில் அறுவை சிகிச்சை நிபுணரே முதல் நாளில் எங்களுக்கு நேரம் ஒதுக்கினார். தம்பி தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்விக்கு அவர் ஒரு தாளை எடுத்து இரைப்பையை வரைந்தபடியே பதில் சொன்னார். ஸ்லீவ் என்னும் முறையில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கும் மேல் நீளவாக்கில் வெட்டி எடுக்கப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுக்கப்படும் பகுதியின் மேற்புறத்தில்தான் என்பதால் அதன் அளவு இரத்தத்தில் வெகுவாகக் குறைகிறது. பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி மட்டுமே கொள்ளும் சிறு பை ஒன்றை உருவாக்கி, அதைச் சிறுகுடலின் கீழே உள்ள பகுதியோடு நேராக இணைக்கிறார்கள். உணவு வழக்கமான பாதையைத் தவிர்த்து விரைவாகக் கீழ்க்குடலை அடைவதால் ஜிஎல்பி-1, பெப்டைடு ஒய்ஒய் ஆகிய, நிறைவுணர்வைத் தரும் ஹார்மோன்கள் சாப்பிட்டவுடன் மிகுதியாகச் சுரக்கின்றன. இவை மூளைக்கும் செய்தி சொல்கின்றன என்பதால், பைபாஸ் செய்துகொண்ட பலருக்குக் கொழுப்பும் இனிப்பும் மிகுந்த உணவின் மீதான ஈர்ப்பு முதல் சில மாதங்களில் உண்மையாகவே குறைகிறது. சிலருக்கு நாக்கின் சுவையே மாறிவிடுகிறது. இவ்வளவையும் விளக்கிவிட்டு அவர் சொன்னார்: "வயிற்றை என்னால் சிறிதாக்க முடியும் தம்பி. ராத்திரி ஒரு மணிக்கு ஃபோனை எடுக்கும் பழக்கத்தை நீங்கள்தான் மாற்ற வேண்டும். அதற்கு ஓர் ஆண்டு அவகாசம் வாங்கித் தருகிறேன், அவ்வளவுதான்."

நாங்கள் அந்த மருத்துவமனையை நம்பியது இந்தப் பதிலுக்காகத்தான்.

இணையத்தில் பலரும் எழுதுகிற டம்பிங் என்னும் விளைவைப் பற்றியும் அவர் விளக்கினார். பைபாஸுக்குப் பின் சர்க்கரை மிகுந்த உணவைச் சாப்பிட்டால் அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு என்று வரலாம். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கவும் செய்யலாம். இந்த அச்சமே ஆசையை விரட்டிவிடும் என்று நம்பி பைபாஸைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் உண்டு. ஆனால் அது எல்லோருக்கும் வருவதில்லை, வருகிறவர்களுக்கும் காலப்போக்கில் குறைந்துவிடலாம், அதைவிட முக்கியமாக அது பெரும்பாலும் இனிப்புக்கு வரும் எதிர்வினை. தம்பியின் ஆசை உப்பும் காரமும் எண்ணெயும் சேர்ந்த பண்டங்களின் மேல். அவனுக்கு அந்தக் காவல் பெரிதாக உதவாது என்பதை முன்கூட்டியே சொன்னது நேர்மையான செயல். அவனுக்கு பைபாஸைப் பரிந்துரைத்ததற்குக் காரணமே வேறு: ஸ்லீவ் செய்தால் நெஞ்செரிச்சல் கூடக்கூடும், பைபாஸில் அது பெரும்பாலும் தணியும், சர்க்கரைக்கும் பைபாஸ் நல்ல பலன் தருகிறது.

அடுத்து உணவியல் நிபுணர் சொன்ன ஒரு செய்தியை இந்தச் சிகிச்சையை எண்ணுகிற ஒவ்வொருவரும் கேட்டிருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சிறிய இரைப்பைக்குள் கோழிக்கறி, சப்பாத்தி, கெட்டியான சோறு ஆகியவை மெல்ல மெல்லத்தான் இறங்கும். நாலு வாயிலேயே நெஞ்சு அடைப்பது போல இருக்கும். ஐஸ்கிரீம், தேநீரில் நனைத்த பிஸ்கட், மிக்சர், சிப்ஸ் போன்றவையோ வாயிலேயே கரைந்து தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதாவது நல்ல உணவு சிரமமாகவும் நொறுக்குத் தீனி எளிதாகவும் மாறுகிற ஆபத்து இந்தச் சிகிச்சைக்குள்ளேயே இருக்கிறது. ஒரே வேளையில் நிறையத் தின்ன முடியாதவர் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கப் பழகிவிட்டால், எடை மீண்டும் ஏறுவதை எந்தத் தையலாலும் தடுக்க முடியாது. அறுவை சிகிச்சை முடிந்து முதல் ஓரிரு ஆண்டுகளில் எடை மிகவும் குறைந்து, பிறகு ஓரளவு திரும்பி ஏறுவதை 1987இல் ஸ்வீடனில் தொடங்கிய நீண்டகால ஆய்வும் காட்டியது. அப்படி ஏறிய பிறகும், அறுவை சிகிச்சை செய்யாதவர்களைவிட அவர்கள் எடை வெகு குறைவாகவே நீடித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அங்கே மனநல ஆலோசகரைப் பார்க்காமல் யாருக்கும் அறுவை சிகிச்சைத் தேதி கொடுப்பதில்லை. இதை ஒரு சடங்காக நினைத்துத்தான் தம்பி உள்ளே போனான். அவர் அவனிடம் ஒரு சிறு நோட்டைக் கொடுத்து, இரவில் ஆர்டர் செய்யத் தோன்றும் ஒவ்வொரு முறையும் மணி, அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது, வயிற்றில் பசி இருந்ததா என்ற மூன்றை மட்டும் எழுதச் சொன்னார். அடுத்த சந்திப்பில் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது எங்களுக்கே தெளிவாகிவிட்டது. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேச்சு முடிந்த உடனேயும், அணியில் எல்லோரும் சேர்ந்து ஆர்டர் செய்யும் வேளையிலும்தான் கிட்டத்தட்ட எல்லாக் குறிப்புகளும் இருந்தன. பசி என்ற இடத்தில் பெரும்பாலும் 'இல்லை' என்றே இருந்தது. கட்டுப்பாடிழந்து உண்ணும் நோய் இருக்கிறதா என்றும் அவர் விரிவாகக் கேட்டறிந்தார். இருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை, பிறகுதான் அறுவை என்றார். மதுப்பழக்கத்தைப் பற்றியும் துருவிக் கேட்டார். பைபாஸுக்குப் பின் மது விரைவாக இரத்தத்தில் ஏறும் என்பதும், இரண்டாம் ஆண்டிலிருந்து மது அடிமைத்தனம் கூடுவதாக அமெரிக்க ஆய்வு ஒன்று 2012இல் எச்சரித்திருப்பதும் எங்களுக்கு அதுவரை தெரியாது. தின்பதில் கிடைத்த ஆறுதலை மனம் வேறொன்றில் தேடலாம் என்ற எச்சரிக்கை அது.

எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகளைப் பற்றி நாங்கள் கேட்டதற்கும் அவர்கள் முகம் சுளிக்கவில்லை. செமாகுளுடைடு, டிர்செபடைடு ஆகியவை எந்நேரமும் தீனியையே நினைத்துக்கொண்டிருக்கும் மனத்தை அமைதிப்படுத்துவதாகப் பலர் சொல்வதையும், நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததாக செமாகுளுடைடு ஆய்வு ஒன்று காட்டியதையும் ஒருங்கே எடுத்துச் சொன்னார்கள். பிஎம்ஐ இன்னும் குறைவாக இருந்து, சர்க்கரையும் இல்லாதிருந்தால் முதலில் அதைத்தான் முயன்றிருப்போம். தம்பியின் நிலையில் அறுவை சிகிச்சையே பொருத்தம் என்று முடிவெடுத்தோம்.

கல்லீரல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் குறைந்த கலோரித் திரவ உணவு, பிறகு துளைவழி அறுவை, மறுநாளே நடக்கவைத்தது, செவிலியரின் கவனிப்பு ஆகியவற்றில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆசை என்ன ஆயிற்று என்பதைச் சொல்கிறேன். முதல் சில மாதங்கள் வியப்பாக இருந்தன. அலுவலகத்தில் யாராவது பொரித்த கோழிப் பெட்டியைத் திறந்தால் அந்த எண்ணெய் வாடையே அவனுக்குக் குமட்டியது. ஒரு முட்டை, அரை இட்லி, இரண்டு கரண்டி பருப்பு என்று தட்டில் வைத்தால் அதிலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஓராண்டு நெருங்கும்போது அந்தக் குமட்டல் போய்விட்டது. இரவுப் பணியின் அதே இடைவேளையில் அதே விருப்பம், முன்னிலும் மெல்லிய குரலில் என்றாலும், திரும்பிவந்தது. சிப்ஸ் எந்தச் சிரமமும் இல்லாமல் இறங்குவதையும் அவன் கண்டுகொண்டான். மறுபரிசோதனையின்போது உணவுக் குறிப்பைப் பார்த்த உணவியல் நிபுணர், புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமுக்கும் கீழே போயிருப்பதைக் கவனித்து, எதைத் தின்றதால் இதற்கு இடமில்லாமல் போயிற்று என்று கடிந்துகொள்ளாமல் கேட்டார். அன்றே மனநல ஆலோசகரிடம் அனுப்பி, இடைவேளைக்கென்று வீட்டிலிருந்தே சுண்டலும் வேகவைத்த முட்டையும் எடுத்துப்போவது, கணினியின் முன் எதையும் உண்ணாதிருப்பது, உணவுச் செயலிகளை நீக்கிவிடுவது என்று முடிவு செய்தார்கள். இப்போது மாதத்தில் எப்போதாவது நண்பர்களோடு இரண்டு துண்டு கோழி தின்கிறான். அதோடு நிறுத்த முடிகிறது. ஆசை இருக்கிறது, அது அவனை இழுத்துக்கொண்டு போவதில்லை. சர்க்கரைக்கு மாத்திரை இல்லை, நெஞ்செரிச்சல் இல்லை.

குறைகளும் உண்டு. முதலில் கொடுத்த உணவு அட்டவணை ஓட்ஸ், டோஃபு, கிரீக் யோகர்ட் என்று வேறு யார் வீட்டுக்கோ எழுதியதுபோல இருந்தது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சமைப்பது என்று திகைத்துப்போனார். நாங்கள் சொன்ன பிறகே பாசிப்பயறு, மீன் குழம்பு, மோர், கேழ்வரகுக் கூழ் என்று மாற்றி எழுதினார்கள். இரவில் விழித்திருப்பவருக்கு வேளைகளை எப்படி வகுப்பது என்பதையும் நாங்களே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஐடி ஊழியர்கள் இத்தனை பேர் வருகிற ஊரில் இதற்கென ஓர் அட்டவணை ஆயத்தமாக இருந்திருக்க வேண்டும். மனநல ஆலோசகர் வாரத்தில் சில நாட்களே வருகிறார். அறுவைக்கு முந்தைய சந்திப்புகள் மொத்தக் கட்டணத்தில் அடங்கும்; ஆசை திரும்பிவருகிற, அவர் மிகவும் தேவைப்படுகிற இரண்டாம் ஆண்டுச் சந்திப்புகளுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். இதை அவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எழுதியே கொடுத்திருக்கிறோம்.

செலவு எல்லாம் சேர்த்து நான்கு லட்சத்துக்குள் முடிந்தது. காப்பீட்டைப் பொறுத்தவரை ஒரு நுணுக்கம் உண்டு. ஆசியர்களுக்கு பிஎம்ஐ 27.5 இருந்தாலே இந்தச் சிகிச்சையை வழங்கலாம் என்று பன்னாட்டு மருத்துவச் சங்கங்கள் 2022இல் பரிந்துரைத்தன. ஆனால் நம் நாட்டுக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, 18 வயது நிரம்பி, பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கட்டுப்படாத டைப் 2 சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல், இதயத் தமனி நோய் போன்ற துணை நோய் ஏதாவது இருக்க வேண்டும். தம்பிக்கு 41 என்பதால் தொகை கிடைத்தது. பாலிசியில் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்பதைத் தேதி வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டிய பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளுக்கும் ஆண்டுதோறும் செய்யும் இரத்தப் பரிசோதனைகளுக்கும் காப்பீட்டில் பணம் வருவதில்லை. அதை மாதச் செலவில் சேர்த்துத்தான் நாங்கள் கணக்குப் போட்டோம்.